ஹேமாவதிக்கு முன்னால் ஒரு எருக்கஞ்செடி

ஹேமாவதி பொதட்டூர்பேட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரி. தறிக்கு நூல் சுற்றிச் சுற்றியே நாற்பது வயதாகிவிட்டது. தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு இவளுக்கு ஒரு வரன் வந்தது, அம்மையார்குப்பத்து ஆதிகேசவன். அவருடைய முதல் பெண்டாட்டி பிரசவத்தில் போனாள். இரண்டாமவள் காய்ச்சலில் போனாள். மூன்றாவதாக வருகிறவளும் தங்கமாட்டாள் என்று பயந்து, அவர் அம்மா தாயாரம்மாள் பழைய வழக்கத்தை எடுத்தாள். முதலில் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி, அதை வெட்டிவிட வேண்டும். செடி மூன்றாவது, ஹேமாவதி நாலாவது. கண்டம் செடியோடு போய்விடுமாம்.

ஹேமாவதி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"ரெண்டு பேருக்கு அப்புறம்னுதான் ஒத்துக்கினேன். இப்ப செடிக்கும் அப்புறமாம்."

காய்ந்த ஆற்று மணலில் அந்தக் கல்யாணம் நடந்தது. மஞ்சள் கயிறு, தேங்காய், கற்பூரம் எல்லாம் உண்டு. பூத்து நின்ற செடியை வெட்ட ஒருத்தரும் முன்வரவில்லை. தாலி அறுத்தவள்தானே என்று என்னைக் கூப்பிட்டார்கள். வெட்டினேன். பால் ஒழுகியது. கையை மணலில் தேய்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஹேமாவதி கடப்பாரையோடு வந்து நின்றாள்.

"பெரிம்மா, ஆத்துக்கு வா. நீ மேலோட வெட்டிட்டு வந்துக்கிற. எருக்கு திரும்பத் துளுக்கும். வேரோட எடுக்கணும்."

"ஊரெல்லாம் சிரிச்சுகினு இருந்தியேடி?"

"சிரிச்சா பயம் இருக்காதா?"

மணல் லேசாக இருந்தது, வேர் அப்படி இல்லை. இடுப்பளவு தோண்டியும் கீழே போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது.

"வேணாம்னு சொல்லிடு. வேற ஒருத்தன் வருவான்" என்றேன்.

"இந்த வயசுல எங்க வருவான், உன் வூட்டுக்கா?"

கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டாவது பொண்ணு எத்தினி நாள் காய்ச்சல்ல கெடந்தா?"

"ஒரு வாரம் இருக்கும்னு அந்த ஊர்ல சொல்றாங்க. தாயாரம்மா மந்திரிச்சுகினே இருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

"மொதல் பொண்ணு?"

"அவளையும் வலி எடுத்து ரொம்ப நேரம் வூட்லயே வெச்சிருந்தா."

"இவரு என்ன பண்ணிகினு இருந்தாரு?"

"அம்மா சொல்லட்டும்னு நின்னுகினு இருந்தான்."

ஹேமாவதி அங்கேயே போனை எடுத்து ஆதிகேசவனைக் கூப்பிட்டாள். தறிச் சத்தம் எனக்கே கேட்டது.

"எனக்கு ஒடம்பு சரியில்லன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. உங்கம்மாவக் கேட்டுகினு நிக்கக் கூடாது. முடியுமா?"

தறி நின்றது.

"ஆங், முடியும்."

"எங்கிட்ட இல்ல. அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் தேதி பாக்கலாம்."

அம்மாவிடம் அதைச் சொல்ல அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. அதுவரை ஹேமாவதி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தை மாதம் திருத்தணி மலைமேல் கல்யாணம் நடந்தது.