இருட்டினால் வேலை செய்யாத மருந்து

ஜினசேனன் மவுஸைக் குப்புறப் போட்டு, அடியில் இருந்த வட்ட மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளிருந்த ரப்பர் உருண்டையை உள்ளங்கையில் விழவைத்தான். பிறகு ஊக்கு முனையால் உள்ளே இருந்த சின்ன உருளைகளைச் சுரண்டினான். விபூதி, சந்தனம், வெளிநாட்டுக்காரர்கள் தடவிக்கொள்ளும் கொசு எண்ணெய் எல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்ட அழுக்கு கறுப்பு நூலாகச் சுருண்டு வந்தது. உலகத்தைத் துறக்க வந்தவர்கள் தொட்ட மவுஸில்தான் அழுக்கு ஜாஸ்தி என்பது அவனுடைய நான்கு வருஷ அனுபவம். துறப்பதற்கு முன் எல்லோருக்கும் மெயில் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது 2004-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவன் பிரவுசிங் சென்டர் இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு நான்கு கம்ப்யூட்டர், அவனுக்கு ஒன்று, எல்லோருக்குமாக ஒரு ஃபேன். கடைக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் இரண்டு அறை, ஒரு சமையலறை. அங்கேதான் அவனும் மனைவி யமுனாவும் அம்மா தர்மவதியும் குடியிருந்தார்கள்.

மவுஸை மூடிவிட்டுத் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினால், ஒரு கடிதம் வந்திருந்தது. படித்தான். மறுபடியும் படித்தான். அதற்குள் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்த அம்மாள் "இணைப்பு போய்விட்டது" என்று இங்கிலீஷில் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

அந்தக் கடிதம் புரிய வேண்டுமானால் இவன் யார் என்று சொல்ல வேண்டும்.

ஆரணிப் பக்கத்து நைனார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர்கள். நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது இவனுக்குப் பத்தொன்பது வயது. டைப்பிங் ஹையர் பாஸ் செய்திருந்தான். ஒரு பழைய மிஷினை வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று பதினோரு வருஷம் மனு அடித்தான். அடித்தது அவன், கையெழுத்துப் போட்டது மற்றவர்கள். லட்சம் பக்கம் அடித்திருப்பான். ஒன்றில்கூட அவன் பெயர் கிடையாது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வேப்பமரத்தடிக்கு ஆள் வருவது கம்மியானது. இவன் செங்கம் ரோட்டுக்கு வந்துவிட்டான்.

கடை திறந்த அடுத்த வருஷம் ஒரு ஜெர்மன்காரர், இனிமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தீர்மானித்து, தன் சாமான்களை இவனிடம் கொடுத்தார். ஒரு டார்ச், ஒரு குடை, ஐந்து சிடி அடங்கிய ஒரு பெட்டி. மூன்று மாதம் கழித்து வந்து டார்ச்சை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். பெட்டி தங்கிவிட்டது.

அதில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. நாம் ஒரு வீரனை உண்டாக்கிக்கொண்டு, கூட நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கற்பனை தேசத்தில் ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் பேச வேண்டும், அவர்கள் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும், பூதங்களோடு சண்டை போட வேண்டும். அடிபட்டால் குப்பியில் இருக்கும் மருந்தைக் குடித்தால் உயிர் ஏறும். ஜினசேனன் எட்டு மாதத்தில் அதை முடித்தான். முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த விளையாட்டின் மேல் பைத்தியமானவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களே புது ஊர், புது ஆள், புது வழக்கு எல்லாம் எழுதி அதோடு ஒட்டுகிறார்கள் என்று. அப்படி ஒட்டுவதற்கு மோட் என்று பெயர். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் செய்தவன் பெயர் முதல் பக்கத்திலேயே வரும்.

அந்தக் கடைசி விஷயம்தான் இவனைப் பிடித்தது. இரண்டரை வருஷம் உட்கார்ந்து ஒரு மோட் செய்தான்.

மலையடியில் ஒரு ஊர். மலையைச் சுற்றி ஒரு பாதை. மலைக் குகைக்குள் ஒரு பூதம். பூதத்தைப் பார்க்கப் போகும் வீரன் முதலில் ஊர் மணியக்காரரிடம் இருப்பிடச் சான்று வாங்க வேண்டும். அதற்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து. சாட்சிகளில் ஒருவர் சாப்பிடப் போயிருப்பார். எல்லாம் வாங்கிக்கொண்டு போனால் பூதமே கேட்கும்: "நகல் ஒன்று இணைத்திருக்கிறீர்களா?" ஸ்வீடன்காரர் ஒருவர் இதை மிகக் கூர்மையான நையாண்டி என்று பாராட்டி எழுதினார். ஜினசேனனுக்குத் திக்கென்றது. அவன் நையாண்டி எதுவும் செய்யவில்லை. ஒரு காரியம் எப்படி நடக்குமோ அப்படி எழுதியிருந்தான்.

வெளியிட்ட இரண்டரை மாதத்தில் நாலாயிரம் பேர் அதை இறக்கி விளையாடினார்கள். அந்த விளையாட்டுக்கென்றே ஒரு பெரிய வலைத்தளம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஐந்நூறு மோட்களில் இருபதைப் பொறுக்கி, சிறந்தவை என்று பட்டியல் போடுவார்கள். இந்த வருஷப் பட்டியலில் பத்தொன்பதாவதாக இவனுடையது நின்றது, பெயரோடு, முதலெழுத்தோடு. பட்டியலை நிர்வகிப்பவர் பின்லாந்தில் இருந்தார். சாம்பல் நரி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்று இவனுக்குத் தெரியாது. மரியாதையாக அவர் என்றே நினைத்துக்கொள்வான்.

இன்றைக்கு வந்த கடிதம் அவருடையது. உங்கள் மோடில் ஒரு பிழை இருக்கிறது, சூரியன் மறைந்த பிறகு மருந்து வேலை செய்வதில்லை, வீரர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், நூற்றுக்கு மேல் புகார் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், வருந்துகிறேன் என்று இருந்தது.

பிழை இல்லை. வேண்டுமென்றே போட்டது. அந்த மலையடி ஊரில் விளக்கு வைத்தபின் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. சோறு கூடாது, தண்ணீர் கூடாது, மருந்தும் கூடாது. இவன் வளர்ந்த வீட்டில் அதுதான் சட்டம். ஊர் என்று ஒன்றை உண்டாக்கினால் அதற்குச் சட்டம் வேண்டாமா? இதை எங்கேயும் எழுதி வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இருட்டினால் சாப்பிடக் கூடாது என்பதை யாராவது எழுதி ஒட்டுவார்களா?

பக்கத்து ஜெராக்ஸ் கடை ராஜமாணிக்கம் சில்லறை கேட்டு வந்தான். முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னா நைனாரே, பொணத்த பாத்தவன் மாதிரி ஒக்காந்துனு கீற?"

ஜினசேனன் விஷயத்தைச் சொன்னான்.

"ஒரு வரி மாத்துனா போதுமா?"

"ஒரு வரிதான்."

"அப்ப மாத்திட்டுப் போயேன்."

"அதெப்படி மாத்துறது? நியமம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

ராஜமாணிக்கம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "டெய்லி ஏழு மணிக்கு ஆதிமூலம் கடையில கொத்துபரோட்டா துண்றியே, அது எந்த நியமம்?"

"அது என் சொந்த விஷயம்."

"பாவம்யா அந்த வெள்ளக்காரனுங்க. உன் பேர்ல அவனுங்க விரதம் இருக்கானுங்க." சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

ஜினசேனன் பதில் எழுத உட்கார்ந்தான். பொருள், பார்வை, மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் என்று ஆரம்பித்து நான்கு பக்கம் போயிற்று. பட்டியலிலிருந்து எடுத்தாலும் எடுங்கள், சட்டத்தை எடுக்க முடியாது என்று முடித்தான். முடித்ததும் பத்தொன்பதாவது இடத்தில் தன் பெயரை மறுபடி ஒரு தடவை திறந்து பார்த்தான். கடிதத்தை அனுப்பவில்லை. கடை சாத்தும்போது அனுப்பலாம் என்று வைத்துவிட்டு, ஏழு மணிக்கு வழக்கம்போல ஆதிமூலம் கடைக்குப் போனான்.

ஏழரைக்குத் திரும்பி வந்தால், பின்கதவைத் திறந்துகொண்டு யமுனா கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "என்னங்க, இங்க வாங்க" என்றாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக நர்சிங் உதவியாளர். அவள் குரல் இறங்கினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

தர்மவதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் நடுங்கின. மகனைப் பார்த்து, செத்துப்போன புருஷனின் பெயரைச் சொல்லி, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி; காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. யமுனா ஏற்கெனவே விரலைக் குத்திப் பார்த்திருந்தாள். மீட்டரில் நாற்பத்தெட்டு.

"சர்க்கர கம்மியாயிடுச்சு. டம்ளர்ல மூணு ஸ்பூன் சர்க்கர போட்டுக் கலக்கினு வாங்க."

அவன் நகரவில்லை. "மணி ஏழரை ஆயிடுச்சே."

"ஆவட்டும்."

"இருட்டிடுச்சு யமுனா. அம்மா குடிக்க மாட்டாங்க. நாளைக்கு நினப்பு வந்தா…"

"நாளைக்கு நினப்பு வரணும்னாதான் இப்ப குடுக்கணும். உங்க வாயில பரோட்டா வாசன அடிக்குது, நகருங்க."

அவளே போய்க் கலக்கிக்கொண்டு வந்தாள். மாமியாரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். "அத்த, எச்சிய முழுங்குங்க பாக்கலாம்" என்றாள். தர்மவதி முழுங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் யமுனா டம்ளரை உதட்டில் வைத்தாள். நினைவு இல்லாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பாசத்தில் ஊற்றிக் கொன்றவர்கள் உண்டு. ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தாள். டம்ளர் காலியானதும் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தாள். ஜினசேனன் சுவரோரமாக நின்றான். மறுபடி குத்திப் பார்த்தபோது தொண்ணூற்றிரண்டு.

தர்மவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறீங்க?"

யமுனா இரண்டு பிஸ்கட்டை நீட்டினாள். தர்மவதி வாங்கிக் கடித்தாள். மகனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, இருட்டிடுச்சும்மா. உனக்கு சர்க்கரத் தண்ணி வேற குடுத்துட்டோம்."

"அதான் தித்திக்குதே, தெரியுது."

"விரதம் போயிடாதா?"

"சீக்காளிக்கு ஏதுடா விரதம்?" என்றாள் தர்மவதி. "எங்கப்பாரு ஜன்னி வந்து கெடந்தப்ப விடிய விடிய எங்கம்மா கஷாயம் ஊத்துனாங்க. நம்ம வூட்ல என்னா சொல்லுவாங்கன்னா, தானா எடுத்துக் குடிக்கக் கூடாது, அடுத்தவங்க குடுத்தா குடிக்கலாம். அவ்ளோதான்."

"எனக்கு மட்டும் சின்ன வயசுல ஒரு வாய் தண்ணிகூட குடுக்க மாட்டியே? அழுதாலும் குடுக்க மாட்ட."

"நீ ஒம்போது வயசு வரைக்கும் பாய நனைச்சுனு இருந்த. தண்ணி வேற குடுப்பாங்களா?"

யமுனா பஞ்சை எடுத்துப் போடும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

 நான்கு கண்டத்தில் நாலாயிரம் பேர், இரண்டரை மாதமாக, அவன் பாயை நனைத்த குற்றத்துக்காக இருட்டில் தாகத்தோடு செத்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் யமுனா வேலைக்கு வந்தாள். "அத்த அஞ்சரைக்கே சாப்ட்டுடறாங்க, அதுவும் ஒரு இட்லி, ரெண்டு இட்லி. இந்த ஊசி அளவு எட்டு மணிக்கு நாலு தோச சாப்பிடறவங்களுக்கு எழுதுனது. டாக்டரு கேக்கல, நாமளும் சொல்லல. எப்பவும் அப்டித்தான்னு விட்டுட்டோம். நாளைக்கு நானே போய்ச் சொல்றேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜினசேனன் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். நான்கு பக்கக் கடிதத்தை அழித்தான். ஒரு வரி மாற்றினால் போதும் என்று அவன் சொன்னது தப்பு. பதினோரு வரி ஆயிற்று. இருட்டிய பிறகு அடிபட்டவன் தானாக மருந்தைக் குடிக்க முடியாது, கூட இருப்பவன் பக்கத்தில் வந்து கொடுத்தால் வேலை செய்யும். தனியாகப் போனவன் பாடு கஷ்டம்தான். தன் வீரனைக் குகைக்குள் கொண்டுபோய் வேண்டுமென்றே அடி வாங்க வைத்து, கூட வந்த கிழவியை விட்டு மருந்து கொடுக்கச் சொன்னான். உயிர் ஏறியது. இதையெல்லாம் மணியக்காரர் வாயாலேயே ஊர் வாசலில் சொல்லும்படியும் செய்தான். மாற்றங்களைக் குறிக்கும் பக்கத்தில், "நோயாளிகளுக்கு விதிவிலக்கு உண்டு என்று என் தாயார் தெரிவித்ததன் பேரில் திருத்தப்பட்டது, ஏற்பட்ட இறப்புகளுக்கு வருந்துகிறேன்" என்று எழுதினான். அனுப்ப நாற்பது நிமிஷம் பிடித்தது. அதுவரை இரண்டு இத்தாலிக்காரர்கள் ஷட்டருக்கு வெளியே நின்றார்கள்.

எட்டு மணிக்கு யமுனா மாமியாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். சாயந்திர ஊசியில் ஆறு யூனிட் குறைத்து எழுதி வாங்கிக்கொண்டு பத்தரைக்குத் திரும்பினாள். அதற்குள் பின்லாந்திலிருந்து பதில் வந்திருந்தது. பத்தொன்பதாவது இடம் அப்படியே இருக்கிறது, நன்றி, தாயாரின் உடல்நலத்தை விசாரித்ததாகச் சொல்லவும் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே ஸ்வீடன்காரரின் நீண்ட கடிதம். பழைய சட்டம் மரணத்தைப் பற்றிய ஆழ்ந்த தத்துவம், கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து அதை விட்டுக்கொடுத்தது தனக்கு ஏமாற்றமாக இருக்கிறது, அதன் பின்னணியைத் தயவுசெய்து விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஜினசேனன் அதற்குப் பதில் எழுதவில்லை. யமுனா சொல்லியிருந்தபடி மருந்துக் கடைக்குப் போய் குளுக்கோஸ் பாக்கெட் நான்கு வாங்கி வந்து, இருட்டிய பிறகு அடுத்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டியது என்று கட்டில் தலைமாட்டில் அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் ஒன்றும், பகலுக்கு என்று எட்டும் இடத்தில் மூன்றும் வைத்தான். யமுனா வந்து பார்த்துவிட்டு நான்கையும் எட்டும் இடத்தில் வைத்தாள்.