மாமா ஊன்றிய நாலாயிரம் கம்புகள்

என் தாய்மாமாவுக்கும் அந்தக் காட்டுக்கும் நாற்பது வருஷப் பழக்கம். இருபது வயதில் பண்ணை முதலாளி கையில் கோடரியைக் கொடுத்து, மேய்ச்சலுக்கு இடம் வேண்டும் என்றார். மாமா வெட்டித் தள்ளினார். மாடுகள் வந்தன, மேய்ந்தன, மண் வெளுத்தது. முதலாளி வேறு ஏதோ காட்டை மொட்டையடிக்கக் கிளம்பிவிட்டார். மிஞ்சியவை ஆளுயரப் புல், அதைச் சுற்றி வேலி, வேலியைப் பார்த்துக்கொள்ள மாமா.

பிறகு ஒரு நாள், போன காட்டைத் திரும்பக் கொண்டுவரும் திட்டம் வந்தது. கூடவே மேற்பார்வையாளர் ஒருவரும் வந்தார். கசங்காத சட்டை, நான்கு நிறத்தில் எழுதும் பேனா. நாலாயிரம் மரக்கன்றுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடையாளத்துக்கு ஒரு கம்பு, கம்பில் எண் போட்ட தகடு. கன்று நடுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டுமாம். கம்பு வெட்ட மாமா போதுமாம்.

"வெட்டறதுன்னாலே உங்களத்தான் தேடி வராங்க, என்ன ராசியோ!" என்றார் அத்தை.

மூன்று வருஷம் கழித்துக் கணக்கெடுப்பு. நூற்றுக்கு எழுபது கன்றாவது உயிரோடு இருந்தால் திட்டம் தொடரும். இல்லாவிட்டால் மாமா உட்பட வேலையாட்கள் எட்டுப் பேரும் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கலாம். அறுபது வயதில் அவருக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள் என்று கடல் தாண்டி உட்கார்ந்து ஞாயிறுதோறும் போன் செய்து நான் என் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டேன். மாமாவுக்கு ஏறவில்லை.

மேற்பார்வையாளர் சாரின் உத்தரவு, காய்ந்த மூங்கில் கம்பு. மூங்கில் இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். வேலிமரம் இருந்தது கைக்கெட்டும் தூரத்தில். மாமா பச்சைக் கிளையாக வெட்டினார். அதிலும் வேலிக்காரன் வெட்டு: சாய்வாக, பட்டை நசுங்காமல் வெட்டி, இரண்டு நாள் நிழலில் சாத்திவைத்து, தடித்த முனை கீழே போக முழங்கை ஆழத்துக்கு ஊன்றினார். அடையாளத்துக்குக் குச்சி கேட்டவர்களுக்கு, மாடு முட்டினாலும் சாயாத வேலிக்கால் கிடைத்தது. அந்தக் கைக்கு வேறு மாதிரி ஊன்றத் தெரியாது.

முதல் கோடையிலேயே புல் ஏறி மூடி, கன்றுகள் காலமாயின. கம்புகள் துளிர்த்தன. இரண்டாம் வருஷம் மாமாவின் உயரம். மூன்றாம் வருஷம் அடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் அளவுக்கு நிழல். சார் அறிக்கையில் 'நல்ல வளர்ச்சி' என்று பச்சையில் எழுதினார். அந்த நிறமும் பேனாவில் இருந்ததே.

கணக்கெடுக்கத் தாவரவியல் மேடம் ஒருவர் வருகிறார் என்றதும் சார் எட்டுப் பேரையும் கருவிக் கொட்டகையில் கூட்டினார்.

"செத்த கன்னு மிச்சம் மீதி இருந்தா பிடுங்கிப் போட்டுடுங்க. எதுல தகடு தொங்குதோ அதுதான் கன்னு. யாரும் வாயத் திறக்கக் கூடாது. பெரியவரே, முக்கியமா நீங்க."

"நான் எதுக்கு சார் பேசப்போறேன்?" என்றார் மாமா. அவர் கடைசியாகப் பேசாமல் இருந்தது பிறப்பதற்கு முந்தைய நாள்.

மறுநாள் மேடம் சேறு அப்பிய பூட்ஸோடு முதல் வரிசையில் நடந்தார். "பட்டியல்ல முப்பது வகை இருக்கு. இங்க ஒரே வகையா இருக்கே?"

"மண்ணுக்கு இதுதான் பிடிச்சிருக்கு மேடம்" என்றார் சார்.

"ஒண்ணுகூட சாயல. யார் நட்டது?"

"எல்லாம் என் நேரடிப் பார்வையில மேடம். ஒவ்வொண்ணையும் நானே நின்னு..."

அங்கேதான் கெட்டது. வேலை போனால் மாமா தாங்கிக்கொண்டிருப்பார். தன் வேலியை இன்னொருவன் போட்டதாகச் சொன்னால்?

"யாரு, நீங்களா? கடப்பாரைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா சார் உங்களுக்கு? மேடம், இது கன்னே இல்ல. நான் ஊனின கம்பு! கன்னெல்லாம் செத்து ரெண்டு வருஷமாச்சு!"

மற்ற ஏழு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சொன்ன பிறகுதான் மாமாவுக்கும் உறைத்தது.

மேடம் குனிந்தார். நிழல் விழுந்த இடத்தில் புல் வெளிறிச் சோர்ந்திருந்தது. நடுநடுவே விரல் நீளச் செடிகள்.

"இத யாருய்யா நட்டாங்க?"

"குருவிங்க மேடம். கம்புல உக்காந்து எச்சம் போட்டுட்டுப் போகும்." மாமா ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "இதுல பாதி, நான் அன்னிக்கு வெட்டின மரம். இலையப் பார்த்தா தெரியாதா எனக்கு?"

மேடம் பதினேழு வகை எண்ணினார். பிறகு தாளில் எழுதினார்: நட்ட கன்றுகளில் உயிரோடிருப்பவை, நூற்றுக்கு நான்கு.

இரண்டு மாதம் மாமா விட்டத்தைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். அதன்பின் கடிதம் வந்தது. கம்பு நிழலில் பதினேழு வகை தானாக முளைத்ததால் திட்டம் தொடர்கிறது, எட்டுப் பேரும் வேலைக்கு வரலாம். புதிய 'ஊன்றுகம்பு முறை'யை உருவாக்கிய மேற்பார்வையாளர், அதை விளக்க வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறார். மாமா இன்னும் நாலாயிரம் கம்பு வெட்ட வேண்டும், 'சென்ற முறை தவறாக வெட்டியது போலவே.'

இதைப் போனில் படித்துக் காட்டிவிட்டு மாமா கேட்டார், "ஏம்ப்பா, எனக்குத் தப்பா வெட்டத் தெரியாதே. இப்ப என்ன பண்றது?"

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "கம்ப போன தடவ மாதிரியே வெட்டுங்க. வாய மட்டும் இந்தத் தடவையாவது வேற மாதிரி வச்சுக்குங்க."