கருவேல மரத்து ஏலம்

நான் பாளையங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. குமரகுருபரனைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைக் குளம் குளமாகக் கூட்டிப்போனவன் நான்தான். அது போதும்.

அவருக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. இருப்பது இங்கே, வீட்டு மாடியில், கம்ப்யூட்டர் முன்னால். என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"அமெரிக்காவுல ஒரு கடைக்கு மென்பொருள் எழுதினோம் அண்ணாச்சி. அதுல உள்ள தப்பை நான் சரிபண்ணுதேன். எல்லாம் சரியானதும் கடையையே மூடிட்டான். இப்ப வேற கடை."

"சம்பளம் வருதுல்லா?"

"அது வருது. நான் செஞ்சதுல ஒண்ணு கூட இப்ப இல்ல."

அதனால்தானோ என்னவோ, பறவை பார்க்கக் கிளம்பினார். ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். யார் கேட்டாலும் சேர்ப்பார். என்னையும் சேர்த்தார். அரசியல் பேசக்கூடாது என்பது ஒன்றே விதி. தேர்தல் வந்தால் மீன்கொத்திப் படத்துக்குக் கீழேயும் கட்சிச் சண்டை நடக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பார்.

கங்கைகொண்டான் போகிற வழியில் நல்லாங்குளம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். இந்தத் தையில் குஞ்சு பொரித்தது. மாசியில் அந்த மரங்களை ஏலம் விட்டுவிட்டார்கள். குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும்.

குமரகுருபரனுக்குச் சோறு இறங்கவில்லை. கூடுகளின் படம் போட்டு, குழுவில் எழுதினார்: 'திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் தடை கேட்போம். எல்லாரும் வாருங்கள்.' நானும் ஒரு கைகூப்பு போட்டேன்.

உடனே ஆரம்பித்தது. ஏலம் எடுத்தவன் எந்தக் கட்சி என்று ஒரு கூட்டம். நாரைக்கு ஓட்டு இருக்கா என்று ஒரு நக்கல். அந்த ஊர் இசக்கிமுருகன், "எங்க ஊரு மரத்தை வெட்டுனா ஒனக்கு ஏம்லே எரியுது? ஏசி ரூம்ல கெடந்துக்கிட்டு நியாயம் பேசுதியோ?" என்று போட்டான். அருமைநாயகம் என்றொருவர் மட்டும், "நல்ல முயற்சி தம்பி. வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார். குமரகுருபரன் அதற்கு நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மனுவுக்குப் புதுப் படம் எடுக்கப் போனோம். கரை ஏறியதும் ஆட்டோவை நிறுத்திவிட்டேன். குளத்தில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. வெட்டிய கிளைகளுக்கு நடுவே குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. தாய் நாரைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன.

விறகு கட்டிக்கொண்டிருந்த சுடலைவடிவு என்ற பெண்ணிடம் கேட்டேன்.

"நேத்தே வெட்டியாச்சு அண்ணாச்சி. ஏலம் எடுத்த அருமைநாயகம் போன்ல பாத்தாராம். திங்கக்கிழமை தடை வாங்கிருவாவளாம், அதுக்குள்ள முடிக்கணும்னு வெளியூரு ஆளைக் கொண்டாந்து எறக்கிட்டாரு."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா பங்குனி உத்திரம் கழிஞ்சுதான். கரையில சாஸ்தா இருக்காருல்லா? உத்திரம் கும்பிடாம இங்கன ஒருத்தரும் அருவா வைக்க மாட்டோம். ஊருல யார்ட்ட கேட்டாலும் சொல்லுவாவளே."

குமரகுருபரன் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வருசமாக வந்தும் கரையிலிருந்து ஊருக்குள் இறங்கியதே இல்லை. பைனாகுலரோடு திரும்பிவிடுவோம்.

குமரகுருபரன் சேற்றில் இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கினார். கழுத்து தொங்கியது. சட்டைப்பையில் போன் மணி அடித்தபடியே இருந்தது. மனுவுக்கு வருகிறோம் என்று குழுவில் ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார்.

"இன்னுமா படம் புடிக்கீய?" என்றாள் அந்தப் பெண்.

போனை உள்ளே வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் எங்கும் வரவில்லை. மாடியில் வேலை மட்டும் நடக்கிறது. குழுவை மூடவில்லை. அதில் இப்போது கட்சிச் சண்டைதான். அழிக்க ஆள் இல்லை. போன மாதம் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, "தம்பி, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குளத்துல நாரை எறங்கியிருக்கு" என்றேன்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பைய சொல்லுங்க அண்ணாச்சி, யாரு காதுலயாவது விழுந்திரப் போவுது. நீங்களும் அங்கன போவாதீங்க."

ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.