ஏழு பல், பத்துப் பல்

தலையின் மேடு பள்ளம் முடி வெட்டுகிறவன் விரலுக்குத்தான் முதலில் தெரியும். அதை வெளியே சொல்லலாமா கூடாதா என்று தொழில் கற்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை. கத்தரி பிடிக்கும் உங்களுக்கும் இந்த அவஸ்தை இருக்கும்.

சீப்பால் அளந்தது

கடப்பாக்கத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் தனசேகர் மாதம் ஒருமுறை என் கடைக்கு வருவான். அவன் உச்சிக்குப் பின்னால் ஒரு கட்டி. வழவழப்பு, வலியில்லை, அதன்மேல் ஒரு முடிகூட இல்லை. இது என்னவாக இருக்கும் என்று சீப்பை வைத்துப் பார்த்தேன். ஏழு பல் அகலம். காலண்டர் தாளில் குறித்துக்கொண்டேன். சொல்லக் கூச்சம். மூன்றாம் மாதம் பத்துப் பல். அன்று சொல்லிவிட்டேன். அவன் கண்ணாடியிலேயே என்னை முறைத்தான்.

"இன்னா அண்ணாத்த, முடி வெட்ட வந்தா ஸ்கேன் எடுத்துகினு கீறே?"

டாக்டரின் கேள்வி

அடுத்த வாரம் கட்டியில் ரத்தம் கசிந்தது. பயந்துபோய் என்னையும் இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனான். எவ்வளவு நாளில் வளர்ந்தது என்று தோல் டாக்டரம்மா கேட்டார். தனசேகர் என்னைப் பார்த்தான். நான் காலண்டர் தாள்களை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"பல்லுக் கணக்கு சரி. எந்தச் சீப்புங்கய்யா?"

உடைந்த சீப்பு

அப்போதுதான் உறைத்தது. ஏழு எண்ணிய சீப்பு இடையில் ஒரு நாள் உடைந்துபோய், பல் நெருக்கமான புதுச் சீப்பு வாங்கியிருந்தேன். பத்து எண்ணியது அதில். கட்டி வளரவே இல்லையோ? ஒருவனை வீணாகக் கலங்கடித்தேனோ? தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தம் கசிந்ததைச் சும்மா விடக்கூடாது என்று துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வெளியே வந்ததும் தனசேகர் சொன்னான்:

"ஒண்ணுமில்லன்னு ரிசல்ட்டு வரட்டும், உன் சீப்ப அப்புறம் கவனிச்சுக்கிறேன்."

ரிசல்ட்

முடி வேரின் உறையிலிருந்து கிளம்பும் அபூர்வக் கட்டியாம். பெரும்பாலும் சாதுவாகவே கிடக்கும், எப்போதாவது கெட்டதாக மாறும். இவனுடையது மாறத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். எடுத்ததன் ஓரங்களில் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது. தையல் ஆறியதும் நேராகக் கடைக்கு வந்தான். தழும்புக்குப் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது.

"எண்ணு அண்ணாத்த. ஆனா இனிமே ஒரே சீப்புல எண்ணு."

முப்பத்தொரு வருஷம் தலை தொட்டுப் பிழைத்தவன், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேல் ஒன்றை வாங்கிச் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.