மெல்லப் பாடிய தொழுவத்துத் தாலாட்டு

அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. மணப்பாறையில் பிறந்து திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அவர்கள், கையில் இல்லாத நாளிலும் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அவர்களுக்கு வராதது பாட்டு ஒன்றுதான். ஆனாலும் நம் சபை ஒரு பாட்டைப் பாடும் விதமே அவர்களால் வந்தது.

அது குழந்தை இயேசுவைத் தூங்க வைக்கும் பழைய கிறிஸ்துமஸ் பாட்டு. ஐரோப்பாவில் எங்கோ பிறந்து, பாதிரியார்களோடு கப்பலேறி வந்து, தமிழில் நம் வீட்டுத் தாலாட்டாகவே ஆகிவிட்டது. நம் பாடகர் குழுவோ அதை டிரம் அதிரப் பாடும். தூங்குகிற குழந்தையும் எழுந்துவிடும்.

ஐம்பதுகளில், தபால் இலாகாவில் இருந்த அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே எங்களுக்கு வீடு குதிரைக் கொம்பாக இருந்தது. கடைசியில் ஒரு ஐயங்கார் குடும்பம் தங்கள் வீட்டை ஒட்டிய போர்ஷனைக் கொடுத்தது. அந்த டிசம்பரில் பாடகர் குழு கேரல் பாட வருவதாகச் சொல்லியனுப்ப, அம்மா கலங்கிப் போனார்கள். சத்தம் பிடிக்காமல் காலி செய்யச் சொல்லிவிட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது? வர வேண்டாமென்று சொல்லவும் மனம் வரவில்லை. வந்தவர்களிடம் டிரம்மை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் கேட்காமல் பாடும்படி கெஞ்சினார்கள். அத்தனை பேரும் முணுமுணுத்தார்கள்.

பாடி முடித்துத் திரும்பினால், வாசலில் வீட்டுக்கார மாமி. அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. என்ன பாட்டு என்று மாமி கேட்க, தட்டுத் தடுமாறிச் சொன்னார்கள்.

“குழந்தையைத் தூங்கப் பண்றதுன்னா இப்படி மெதுவாத்தானே பாடணும். நன்னா இருந்தது. அடுத்த வருஷம் எங்காத்துலயும் வந்து பாடச் சொல்லுங்கோ.”

அடுத்த வருஷம் மாமி வீட்டுக் கூடத்திலேயே பாடினார்கள். அறுபதுகள் வரை நாங்கள் அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தோம். மாமி சொன்னதைக் கேட்டு, சபையிலும் அந்தப் பாட்டுக்கு டிரம் நின்றுபோயிற்று. அது பயத்தில் தொடங்கிய வழக்கம் என்ற சிரிப்புக்கிடமான உண்மையை நாங்கள் இதுவரை சபையில் சொன்னதில்லை.

நோயில் துணைநின்ற மருத்துவருக்கும், சோறு சமைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், அடக்கத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாமிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பாடகர் குழுவுக்குத் தனியாக நன்றி. அம்மாவின் கடைசி கிறிஸ்துமஸுக்குக் குழுவினர் எங்கள் திருச்சி வீட்டில் அம்மாவின் படுக்கையருகே வந்து நின்றார்கள். இது நம் சொந்த வீடு, வாய்விட்டுப் பாடலாம் என்றார் அப்பா. அம்மா கையசைத்துத் தடுத்தார்கள்.

“மெதுவாவே பாடுங்க. இப்ப எனக்குப் பயமில்ல. குழந்தை தூங்கட்டும்.”