பெரியம்மாவின் டானிக்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பெரியப்பா காலையில் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, எங்கள் மாட்டுங்கா வீட்டு பால்கனியில் நின்றுவிடுவார். லோக்கல் ரயிலைப் பிடிக்கக் கீழே ஓடுகிறவர்களை ஒருவர் விடாமல் வைவார்.

"இப்போ ஓடறான் பார்! கொஞ்சம் முன்னாடி எழுந்தா என்னவாம்?"

ஓடுகிறவர்கள் தீர்ந்ததும் வசவு வீட்டுக்குள் திரும்பும். காப்பியில் சர்க்கரை சற்றுக் கூடினாலும் டம்ளர் சமையலறைக்குத் திரும்பி வரும். பெரியம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். அடுப்படியில் அமர்ந்து அழுவாள். இப்படியே போனால் அவர்களைச் செம்பூரில் தனிக்குடித்தனம் வைக்க வேண்டியதுதான் என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. பெரியம்மாவின் காதிலும் விழுந்தது.

அப்பா டாக்டரை அழைத்தது பெரியப்பாவுக்காக. பெரியப்பாவோ கையை நீட்டவே மறுத்தார்.

"நான் கல்லு மாதிரி இருக்கேன். இவளைப் பாருங்கோ, எப்பப் பாத்தாலும் அழுதுண்டிருக்கா."

அழுகை கண்ணுக்குத் தெரிவது. டாக்டர் பெரியம்மாவுக்கு டானிக் எழுதினார். அவள் அதைத் தவறாமல் குடிக்கிறாளா என்று பார்ப்பது என் வேலையாயிற்று.

முதல் நாளே பார்த்தேன். ஒரு கரண்டி டானிக்கைப் பெரியப்பாவின் காப்பியில் ஊற்றிக் கலக்கினாள்.

"அது உனக்குத்தானே, பெரியம்மா?"

"மூச்சு விடாதே, குழந்தே. நேரே கொடுத்தா குடிப்பாரா?"

நான் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன், வேப்பங்காய் தோற்றது. இன்று டம்ளர் பறக்கும் என்று கதவோரம் பதுங்கினேன். பெரியப்பா ஒரு வாய் குடித்தார், டம்ளரைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், மிச்சத்தையும் குடித்துவிட்டு வைத்தார். மறுநாளும் அப்படியே. ஓடுகிறவர்களை வைவது மெல்லக் குறைந்தது. செம்பூர்ப் பேச்சும் அடங்கிற்று.

புட்டி காலியான அன்று பெரியம்மா வெறும் காப்பியைக் கொடுத்தாள். நுரை பொங்கும், நல்ல காப்பி. பெரியப்பா ஒரு வாயோடு நிறுத்தினார்.

"தீர்ந்துடுத்தா?"

பெரியம்மா தலையசைத்தாள். அவர் காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"இவளுக்கு டானிக் வாங்கிண்டு வரேன்" என்று அப்பாவிடம் உரக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

புதுப் புட்டி வந்ததும் பெரியம்மா அவர் காப்பியில் ஒரு கரண்டி ஊற்றினாள். அன்று முதன்முறையாகத் தானும் ஒரு கரண்டி குடித்தாள். பெரியம்மா பெரியப்பாவை நன்றாக ஏமாற்றுகிறாள் என்றே நான் நம்பியிருந்தேன். அந்த ரகசியத்தை அவரிடமிருந்து காப்பாற்றுவதில் எனக்கு அப்போது அவ்வளவு பெருமை.