அப்பா ஏன் சாவு வீட்டில் நிற்கமாட்டார்

கிறிஸ்துவில் என் சொந்தங்களே, ஆண்டவர் எங்கள் தக்காளித் தோட்டத்தில் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நிதானமாகப் பேச எனக்கு வராது. அதுவும் இந்தக் கதையை எடுத்தாலே படபடப்பு வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் என் அப்பா சூசை இறந்துபோனார். கடத்தூர் பக்கம் எங்கள் ஊர். விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தவர், அம்மாவிடம் காப்பி கேட்டார். டம்ளர் கைக்கு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. படுத்து யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்று ஊரே சொன்னது. எனக்கு அதில் ஆறுதல் இல்லை. ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

உழைப்பென்றால் அப்படி ஒரு உழைப்பு. தோட்டத்து வழியாகப் போகிறவர் யாரும் வெறுங்கையோடு போக முடியாது. கத்தரிக்காயோ கீரையோ மடியில் கட்டித்தான் விடுவார். அவரிடம் ஒரே ஒரு குறை. சாவு வீட்டில் நிற்கமாட்டார். மாலையைப் போடுவார், கும்பிடுவார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வெகுநேரம் கழித்து வேட்டியெல்லாம் சேறாக வீடு வந்து சேருவார். அம்மா எவ்வளவோ திட்டியிருக்கிறாள். என் மகள் ஜெனி, ‘தாத்தா ஒரு பயந்தாங்கொள்ளி, பிணத்தைப் பார்த்தா ஓடிடுவார்’ என்று கேலி செய்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாரே தவிர, இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். அப்பா கடைசியாக நட்ட தக்காளி, தோட்டம் முழுக்கச் சிவந்து நிற்கிறது. வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. பழுத்த பழத்தின் மேல் மழை விழுந்தால் வெடித்துவிடும், பாலக்கோடு மண்டியில் யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள். கூலிக்கு ஆள் கேட்டேன். எல்லோரும் வேறு தோட்டங்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் ஒரே மகள், பாப்பிரெட்டிப்பட்டியில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள். நானும் என் வீட்டுக்காரரும் பறித்தால் ஒரு மூலைகூட முடியாது. அதுவும் துக்கம் கேட்டு வருகிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அன்று சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். ஜெபம் என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்லலாம். ஆண்டவரே, ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த மனுஷனுக்கு நீங்கள் செய்வது இதுதானா? அவர் கையால் நட்டதை அழுகவிட்டு வேடிக்கை பார்க்கப்போகிறீர்களா? மாதாவே, உங்கள் மகனிடம் கேட்டுச் சொல்லுங்கள். இப்படியே அழுது அழுது செபமாலையைக் கையில் பிடித்தபடி தூங்கிப்போனேன்.

காலையில் தோட்டத்துப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. திருடர்கள்தான் என்று நினைத்துத் தென்னமட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் வரிசைக்கு வரிசை ஆள்! எங்கள் கோயில் அன்பியக் குழுப் பெண்கள், கீழ்த்தெருக்காரர்கள், பக்கத்து ஊர் முகங்கள்கூட. குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக வரப்பில் தக்காளி. அடுத்த தோட்டத்து மாதப்பன் மாமா என் கையிலிருந்த மட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லையே மாமா என்றேன்.

“கேட்டா வேணாம்பீங்க பாப்பா. எங்கம்மா செத்தப்போ உங்கப்பாரு எங்களக் கேட்டாரா? நாங்கெல்லாம் வூட்ல உக்காந்து அழுவுறோம். மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து ஊத்திட்டு, நெல்லு வயலுக்கு மடை திருப்பினது யாருன்னு நெனச்சே? அழுவறதுக்கு ஊரே இருக்குது, காட்டைப் பாக்க யாரு இருக்காங்கன்னாரு. இங்க நிக்கிற அத்தினி பேரு வூட்லயும் இதே கததான்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் அப்பா பயந்தாங்கொள்ளி இல்லை! வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். “எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியே இந்த மனுசன். சேறாக்கிட்டு வர்றியேன்னு நான் திட்டாத நாளில்லியே” என்று அப்பா படத்தைப் பார்த்து அழுதாள். கொஞ்சநேரத்தில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோட்டத்துக்குக் காப்பி போட எழுந்துவிட்டாள்.

மத்தியானம் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் கட்டினோம். கட்டி முடித்ததும் கொட்டியது பாருங்கள் மழை! அப்படி ஒரு மழை! சாயங்காலம் மூன்றாம் நாள் பூசையில் ஜெனி ஒரு கூடைத் தக்காளியைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனாள். மாதப்பன் மாமா கோயிலுக்குள் கடைசி பெஞ்சில் ஈரச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

நான் ஜெபித்தது அன்றைக்குத்தான். ஆண்டவரோ அதற்கான பதிலை எத்தனையோ வருஷமாக அப்பாவின் கையாலேயே தயார் செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கோடி நன்றி. உங்களுக்கும் வழி தெரியாமல் போகும் நாள் வரும். அப்போது அவரிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. மாலை போட்டேன், கும்பிட்டேன். பிறகு கொல்லைப்பக்கம் போய், பசியில் கத்திக்கொண்டிருந்த அவர்கள் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டேன். சேலையெல்லாம் அழுக்காக வீடு வந்தவளை ஜெனி மேலும் கீழும் பார்த்தாள்.

“நீயும் பயந்து ஓடி வந்துட்டியாம்மா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லி, அப்பா மாதிரியே சிரித்தேன்.